மழைக்கு முந்தி வந்த தண்ணீர்

எங்கள் தொழிலில் முதலில் வருவது சத்தம். மடிக்கணினிக்குள் இருக்கிற குட்டி மின்விசிறி 'ஙொய்' என்று இரைய ஆரம்பிக்கும். இரைச்சல் ஏறிக்கொண்டே போகும். திரை மட்டும் சலவைக்குப் போட்டு எடுத்த வேட்டி மாதிரி வெறும் வெள்ளையாக இருக்கும். சட்டென்று இரைச்சல் அடங்கினால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும்: படம் வந்திருக்கும், இல்லையென்றால் சிவப்பு எழுத்தில் திட்டு வந்திருக்கும். பெரும்பாலும் திட்டுதான்.

'ஆர்' என்று ஒரு கணினி மொழி இருக்கிறது. புள்ளிவிவரம் பார்க்கிறவர்களுக்கானது. எண்களைக் கொடுத்து, இன்ன மாதிரி வரை என்று எழுதினால் வரைபடம் போட்டுத் தரும். நாம் நினைத்த மாதிரி அல்ல, எழுதிய மாதிரி. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் பள்ளத்தில்தான் என்னுடைய பிழைப்பின் ஒரு பாதி.

இன்னொரு பாதி, தேனியில் வாழைக்காய் பழுக்க வைக்கிற குளிரறை ஒன்றில் இரவு வேலை. மணிக்கொரு தடவை அறையின் வெப்பத்தைப் பார்த்து எழுத வேண்டும். எழுதிய எண்களை முதலாளிக்குப் படமாகக் காட்டினால் என்ன என்று ஒரு நாள் தோன்றியது. அப்படிப் பழகியதுதான் ஆர். சொல்லித்தர ஆள் கிடையாது. திட்டு வாங்கியே கற்றேன். கல்லூரியை இரண்டாம் வருஷத்தில் விட்டவன், செல்போன் கடையை விட்டவன், ஆட்டோவை விட்டவன். நாற்பத்தாறு வயதில் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இது ஒன்றைத்தான். ஏன் என்று கேட்டால், இரைச்சல் அடங்கி ஒரு கோடு திரையில் வந்து நிற்கிற அந்த நொடிக்காகத்தான். வேறு எதிலும் அப்படி ஒரு நொடி வாய்த்ததில்லை.

அச்சோடும் அளவோடும் மல்லுக்கட்டி, தூங்க வேண்டிய நேரத்தில் திரையைப் பார்த்துப் புலம்பியவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். மற்றவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம்.

ஜன்னல்கள்

வெளியாளுக்கு நான் வரைந்த முதல் படம், போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் ஒரு முதலாளிக்கு. எந்த வாரம் எத்தனை மூட்டை வந்தது என்று கடைச் சுவரில் மாட்ட வேண்டும். தலைப்பு, கீழே மாதமும் வாரமும், எல்லாம் தமிழில் கேட்டார். திரையில் எழுத்துகள் கொள்ளை அழகாக வந்தன. அச்சுக்குப் போகும் கோப்பாக மாற்றி, பெரிய தாளில் அடித்து, சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடையில் விரித்தபோதுதான் பார்த்தேன். ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. எழுத்து இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் சின்னச் சின்னக் காலிக் கட்டங்கள். எழுத்துரு கிடைக்காவிட்டால் ஆர் அப்படித்தான் செய்யும், சத்தம் போடாது, திட்டாது, கட்டம் போட்டு வைத்துவிடும். முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "ஏம்ப்பா, வரிசையா ஜன்னல் வச்சிருக்கே, உள்ள யாரும் குடியிருக்காகளா?" என்றார்.

எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே புதைத்து அனுப்பும் வழியைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள் ஆனது. அத்தனைக்கும் இரண்டே வரி. ஐந்தாம் நாள் புதுத் தாளை விரித்தேன். 'ஏலக்காய் வரத்து' என்று கொட்டை எழுத்தில் வந்திருந்தது. அவர் விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் கணக்கரிடம் சொன்னார்: "ஏலே, எல்லாரும் குடி வந்துட்டாக."

கார்த்திகைக்கு அடுத்த மாதம்

கம்பம் பக்கத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறவர் ஒருவர். எந்த மாதம் எத்தனை பெட்டி இறங்கியது என்று நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவர். ஆனால் ஜனவரி, பிப்ரவரி எல்லாம் அவருக்கு ஆகாது, தமிழ் மாதம்தான். நான் அப்படியே உள்ளிட்டுப் படம் போட்டேன். கணினிக்கு மாதம் என்றால் என்ன என்று தெரியாது. அதற்கு அது வெறும் வார்த்தை. நாமாக வரிசை சொல்லிக் கொடுக்காவிட்டால் அகராதி வரிசையில் அடுக்கிவிடும். ஆடி முன்னால் வந்தது. ஐப்பசி, கார்த்திகை, அதற்கடுத்து சித்திரை, அதற்கடுத்து தை. மார்கழி எங்கேயோ கடைசியில் வைகாசிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

நான் அதைக் கவனிக்கவே இல்லை. கோடு ஏறி இறங்குவதையே ரசித்துக்கொண்டிருந்துவிட்டு அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை போன் வந்தது. "ஏப்பா, கார்த்திகை முடிஞ்ச மறுநாளே சித்திரைன்னு போட்டிருக்கே. அப்ப நான் பொங்கலை எங்கன வைக்கிறது?"

நீலம் கேட்ட இடத்தில்

தனலட்சுமி டீச்சர் என்னிடம் வந்தது போன வருஷம். பண்ணைப்புரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் புவியியல் ஆசிரியை. வயது நாற்பதை நெருங்குகிறது. வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். மலைமேல் மழை பெய்தால் தங்கள் ஊர் ஓடைக்குத் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்பதுதான் ஆராய்ச்சி. மழைக் கணக்கு, மலைமேல் கேரள எல்லையை ஒட்டிய ஓர் ஏலத்தோட்டத்து அலுவலகத்தில் வாங்கியது. ஓடைக் கணக்கு, அவர் வீட்டுக்காரர் முத்துக்காளை எழுதியது. முத்துக்காளை விவசாயி. ஊருக்கு வெளியே ஓடைப் பாலத்துத் தூணில் பெயிண்டால் அடியும் அங்குலமும் கோடு போட்டுவிட்டு, மூன்று வருஷமாகத் தினமும் சாயங்காலம் போய்த் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து எழுதியிருந்தார். பத்து நோட்டுகள். ஆய்வேட்டைக் கொடுக்க அந்த மாதக் கடைசி வரைக்கும்தான் நேரம். ஏற்கெனவே இரண்டு தடவை தவணை வாங்கியாகிவிட்டது, மூன்றாவது கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

முதலில் ஓடையை மட்டும் வரைந்தேன். தண்ணீர்தானே, நீலமாக இருக்கட்டும் என்று 'புளூ' என்று எழுதினேன். மின்விசிறி இரைந்து அடங்கியது. கோடு ஒரு மாதிரி மங்கல் சிவப்பில் வந்து நின்றது. ஓரத்தில் குறிப்பு வேறு: இதன் பெயர் 'புளூ' என்று. நிறத்தை எழுத வேண்டிய இடத்தை விட்டு அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டால், ஆர் அதை நிறமாக அல்ல, கோட்டின் பெயராக எடுத்துக்கொள்ளும். இதில் அடிபடாத ஆர்க்காரர் இருந்தால் எனக்கு ஒரு கடிதம் போடலாம். "ஒரு நிமிஷம் டீச்சர், மாத்திடுறேன்" என்று பதறினேன். அவர் திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. மூன்று வருஷத்துத் தண்ணீர் ஒரே வீச்சில் அங்கே படுத்திருந்தது. ஐப்பசி வந்தால் எழும்பி, மாசி வந்தால் ஒடுங்கி, மறுபடி எழும்பி. அவரும் அதை அன்றுதான் முதல் தடவையாக முழுசாகப் பார்க்கிறார். "மாத்தாதீகண்ணே," என்றார் மெதுவாக. "புதுத் தண்ணி வர்றப்ப எங்க ஓடை இந்தக் கலருலதான் வரும்."

பதினாறு நாள்

அந்தக் கோட்டில் ஓரிடம் எனக்கு உறுத்தியது. இரண்டாம் வருஷத்தில் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு நேர்கோடு. தண்ணீர் ஸ்கேல் வைத்து நடக்காது. தேதிகளை எண்ணிப் பார்த்தேன். நடுவில் அளவே இல்லாத நாட்கள். நோட்டில் இல்லாத நாளை ஆர் கண்டுகொள்ளாது. இந்தப் புள்ளியையும் அந்தப் புள்ளியையும் ஒரே தாவாகத் தாவி இணைத்துவிடும். அளக்காத நாட்களுக்கும் தேதி போட்டு, எதிரே காலியாக விட்டு, மறுபடி ஓட்டினேன். கோடு அறுந்தது. அறுந்த இடத்தில் சரியாகப் பதினாறு நாள்.

டீச்சரிடம் கேட்டேன். "எங்க வீட்டுக்காரரோட அம்மா, எங்க அத்தை, இறந்தாக," என்றார். "இவுக ஒரே மகன். காரியம் முடியிற வரைக்கும் வீட்டை விட்டு வெளிய போகலை. பதினாறாம் நாள் முடிஞ்சு, மறுநா சாயங்காலமே மொட்டைத் தலையோட ஓடைக்குப் போயிட்டாக." அந்த வீட்டில் ஒரு சாவு விழுந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பாலத்துத் தூணில் தண்ணீர் அளந்த கணக்கு சொல்கிறது. அதுவும் நாள் தவறாமல்.

விட்டுப்போன நாட்களை முன்னும் பின்னும் பார்த்து உத்தேசமாக நிரப்பிவிட ஒரு கட்டளை இருக்கிறது, போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். "வேணாம்ணே. அந்த ஓட்டை அப்படியே இருக்கட்டும்," என்றார். "அது எங்க அத்தை."

ஜோசியம் தெரிந்த ஓடை

அடுத்து மழையைப் பட்டைகளாகவும் ஓடையைக் கோடாகவும் ஒரே படத்தில் போட்டேன். மூன்று வருஷத்தையும் சேர்த்துப் பார்த்தால் எல்லாம் அழகாக இருந்தது. ஒரே ஒரு ஐப்பசியை மட்டும் பெரிதாக்கினேன். இரைச்சல் அடங்கியது. படம் வந்தது. நான் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டேன்.

திங்கட்கிழமை தண்ணீர் ஏறியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை மழை பெய்திருக்கிறது. ஒரு தடவை அல்ல. அந்த மாதத்தில் பாதி நாள் அப்படி. தண்ணீர் முன்னால் வருகிறது, மழை மறுநாள் பெய்கிறது.

இப்படி வந்தால் நாம் முதலில் சந்தேகப்படுவது நம்மைத்தான். தேதியும் மாதமும் இடம் மாறிவிட்டதா? வரிசை கலைந்துவிட்டதா? ஒரு முழுப் பகலும் தூங்காமல் நோட்டை வைத்து ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டேன். தப்பு என் பக்கம் இல்லை. படம் சொல்வது அப்படியே நோட்டில் இருந்தது. வேறு வழியில்லாமல் டீச்சர் அந்தப் படத்தையே மதுரைக்கு எடுத்துப் போய் வழிகாட்டிப் பேராசிரியரிடம் காட்டினார். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, இது ஓடைக்குப் போய் அளந்த கணக்கு இல்லை, வீட்டில் உட்கார்ந்து எழுதியது என்று சொல்லிவிட்டார். மூன்று வருஷ வேலையும் ஒரே வாக்கியத்தில் போயிற்று. அதைவிட டீச்சருக்கு வலித்தது அவர் சிரித்துக்கொண்டே கேட்ட கேள்வி: "உங்க ஊர் ஓடைக்கு ஜோசியம் தெரியுமாம்மா?"

ஒரே ஒரு வரி

மதுரையிலிருந்து திரும்பிய அன்று ராத்திரி டீச்சர் வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறார், நிஜமாகவே தினமும் போனீர்களா என்று. முத்துக்காளை தட்டில் போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு மூன்று நாளாகப் பேச்சு இல்லை. இதையெல்லாம் என் எதிரே உட்கார்ந்து சொன்னார். கடைசித் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "மழையை மட்டும் ஒரு நாள் முன்னால நகத்தி விட்டுற முடியுமாண்ணே?" என்றார்.

முடியும். ஒரே வரி. தேதியில் ஒன்றைக் கழி என்று எழுதினால் போதும். யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை எனக்கு. அந்த முகத்தைப் பார்த்தால் உங்களுக்கும் வந்திருக்காது. எழுதி ஓட்டினேன். பட்டை ஒவ்வொன்றும் ஒரு நாள் முன்னால் நகர்ந்து, தண்ணீர் ஏறுகிற இடத்துக்கு நேர் மேலே வந்து உட்கார்ந்தது. அப்படி ஓர் அழகான படத்தை நான் அதுவரை வரைந்ததில்லை.

டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அழிச்சிருங்கண்ணே. இதை வச்சுப் பட்டம் வாங்குனா, அவுக பொய்யாத்தான் எழுதுனாகன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி."

முத்துக்காளை

மறுநாள் காலை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் டி.வி.எஸ். வண்டியைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஓர் ஆள் நிற்கிறார். கையில் மஞ்சள் பை. "தனலட்சுமி வீட்டுக்காரன்," என்றார். உள்ளே கூப்பிட்டும் உட்காரவில்லை. "அந்தப் படத்தைக் காட்டுங்க, பாக்கணும்."

கணினியைத் திறந்து முழுக் கோட்டையும் போட்டுக் காட்டினேன். தேதி எந்தப் பக்கம், அடி எந்தப் பக்கம் என்று சொல்ல வாயெடுத்தேன். தேவைப்படவில்லை. விரலைத் திரையில் வைத்து அவரே நடக்க ஆரம்பித்துவிட்டார். "இது மொத வருசம், பாலத்துக்கு மேல தண்ணி போச்சே, அது... இந்த நாளுலதான் வண்டி வழுக்கி விழுந்தேன்," என்று வேட்டியை விலக்கி முழங்கால் தழும்பைக் காட்டினார். இன்னோர் இடத்தில் மழையே இல்லாமல் இரண்டு நாள் தண்ணீர் தூக்கிக்கொண்டு நின்றது. எழுத்துப்பிழை என்று நினைத்து அதை எடுத்துவிட நான் குறித்து வைத்திருந்தேன். "அங்கன ஒரு மரம் அடிச்சுக்கிட்டு வந்து தூணுல சாஞ்சு கெடந்துச்சு. நானும் இன்னும் ரெண்டு பேருமாச் சேந்து இழுத்துப் போட்டோம்," என்றார். நோட்டைப் புரட்டினேன். ஓரத்தில் பென்சிலில் 'மரம்' என்று எழுதியிருந்தது. நான் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

இத்தனை வருஷம் கோடு வரைகிறேன், ஒரு கோட்டை இப்படி வாசிக்கிற ஆளைப் பார்த்ததில்லை. இந்த மனிதர் ஓடைக்குப் போகவில்லை என்று இனிமேல் எந்தப் படம் சொன்னாலும் நான் நம்பத் தயாராக இல்லை. ஆனால் என் நம்பிக்கையை வைத்துக்கொண்டு மதுரையில் என்ன செய்ய? தயங்கித் தயங்கி ஐப்பசிப் படத்தைப் போட்டு, தண்ணீர் முந்தி வருவதைக் காட்டி, எத்தனை மணிக்கு ஓடைக்குப் போவீர்கள் என்று கேட்டேன். முகம் இறுகிவிட்டது. "சாயங்காலம் ஆறு மணி. மழையா இருந்தாலும் ஆறு மணி," என்றவர் நோட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினார். "எல்லாரும் என்னையவே கேக்குறீகளே, மலைமேல மழை அளக்குறவரு எத்தனை மணிக்கு அளக்குறாருன்னு ஒருத்தராச்சும் கேட்டீகளா?"

எட்டரை மணி

கேட்கவில்லை. நான் கேட்கவில்லை, டீச்சர் கேட்கவில்லை, பேராசிரியரும் கேட்கவில்லை. அலுவலகத்தில் அச்சடித்துக் கொடுத்த கணக்கு. அதில் என்ன கேள்வி என்று விட்டுவிட்டோம்.

டீச்சரிடம் எண் வாங்கி அந்தத் தோட்டத்து அலுவலகத்துக்குப் போன் போட்டேன். மழை எழுதுகிற குமாஸ்தாவே எடுத்தார். பாதி மலையாளம், பாதித் தமிழ். மழைமானியில் சேர்ந்த தண்ணீரை எப்போது அளப்பீர்கள் என்றேன். "ராவிலே எட்டரைக்கு. தினமும்." ராவிலே என்றால் மலையாளத்தில் காலையில். எந்தத் தேதியில் எழுதுவீர்கள்? "அளக்குற அன்னிக்கு என்ன தேதியோ, அது. பின்னே?" அப்படியானால் நேற்று மத்தியானம் பெய்த மழை? "அது இன்னைக்குத் தேதியில் வரும்."

எனக்குக் காதில் போன் இருப்பதே மறந்துவிட்டது. ஐப்பசியில் எங்கள் மலைகளில் மழை மத்தியானத்துக்கு மேல்தான் பிடிக்கும். திங்கட்கிழமை மூன்று மணிக்குப் பெய்த மழை, ஆறு மணிக்குள் ஓடையில் இறங்கிவிடுகிறது. முத்துக்காளை அதை அளந்து திங்கட்கிழமை என்று எழுதுகிறார். அதே மழை மலைமேல் பாத்திரத்துக்குள் ராத்திரி முழுக்கக் காத்திருந்து, செவ்வாய்க்கிழமை எட்டரைக்கு அளக்கப்பட்டு, செவ்வாய் மழை ஆகிறது. இரண்டு பேரும் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்கள். மழைமானி வைத்திருக்கிறவர்கள் காலையில் அளந்து காலைத் தேதி போடுவதுதான் வழக்கமாம். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. பெய்த தேதியில் எழுதினால் என்ன என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். மறுமுனையில் அவர் சிரித்தார். "மழை பெய்யும்போ நான் வீட்டில்தானே சேட்டா? நான் வந்து அளந்தாத்தான் அது மழை."

பட்டை

தப்பு எங்கே என்று இப்போது தெரிந்தது. படத்தின் அடியில் போகிற அச்சில் நான் தேதியை மட்டும் வைத்திருந்தேன். மணி இல்லை. ஒரு நாள் என்றால் எல்லாருக்கும் ஒரே நாள்தான் என்று நானும் கணினியும் சேர்ந்து முடிவு செய்துவிட்டோம். அச்சை மாற்றினேன். மழைப் பட்டை ஒவ்வொன்றையும் முந்தின நாள் காலை எட்டரையிலிருந்து அன்று காலை எட்டரை வரை அகலமாக விரித்தேன். ஓடைப் புள்ளியைச் சாயங்காலம் ஆறு மணியில் வைத்தேன். எந்தத் தேதியையும் தொடவில்லை, எந்த எண்ணையும் நகர்த்தவில்லை. ஓட்டினேன். முதலில் திட்டு வந்தது. அடைப்புக்குறி ஒன்று விட்டுப்போயிருந்தது. மறுபடி ஓட்டினேன்.

இரைச்சல் ஏறி, ஏறி, அடங்கியது. ஓடை எழும்புகிற இடமெல்லாம் பட்டைக்கு உள்ளே இருந்தது. ராத்திரி மழையாக இருந்தால் பட்டைக்குப் பின்னால் இருந்தது. முன்னால் ஒன்றுகூட இல்லை. மூன்று வருஷத்தையும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன், மரம் சாய்ந்து கிடந்த இரண்டு நாளை விட்டால் ஒன்றுகூட இல்லை. ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு பேர், ஒருவர் மலைமேல், ஒருவர் மலையடியில், ஒரே மழையை இரண்டு முனையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். நான் என்ன சத்தம் போட்டேனோ தெரியாது, என் மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். "என்ன, கேரளா லாட்டரி விழுந்துருச்சா?" என்றாள். திரையைக் காட்டினேன். அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "கோடு சரியா வந்துருச்சுன்னா சந்தோசம்தான். அதுக்கு ஏன் கண்ணு கலங்கி நிக்கிறீக?"

ஆறே கால்

நான்கு நாள் கழித்து, மனைவி ஒரு கட்டு முருங்கைக் கீரையை முறத்தில் போட்டு என் முன்னால் வைத்துவிட்டுப் போயிருந்தாள். உருவிக்கொண்டிருக்கும்போது டி.வி.எஸ். வண்டிச் சத்தம். இரண்டு பேரும் சேர்ந்து வந்திருந்தார்கள். முத்துக்காளை இந்தத் தடவை உட்கார்ந்தார். மதுரையில் பேராசிரியர் புதுப் படத்தைப் பார்த்துவிட்டு, தானே தோட்டத்துக்குப் போன் போட்டு ஒரு முறை கேட்டுக்கொண்டாராம். பிறகு அளந்தவர் பெயரைப் படத்துக்கு அடியில் போடச் சொன்னாராம். டீச்சர் அதைச் சொல்லும்போது வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் பைண்டிங்குக்குக் கொடுத்தால்தான் தேதிக்குள் போய்ச் சேரும்.

கீரையை ஓரமாக வைத்துவிட்டு, படத்தின் கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'ஓடை அளவு: முத்துக்காளை, தினமும் மாலை 6 மணி.' கீழ் ஓரம் போதாமல் பெயரின் பாதி தாளுக்கு வெளியே போய்விட்டது. ஓரத்தைக் கூட்டி மறுபடி ஓட்டினேன். பெயர் முழுசாக வந்தது. அவர் குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். அவர் தன் பெயரை அச்சில் பார்ப்பது ரேஷன் கார்டுக்குப் பிறகு இதுதான் என்று டீச்சர் சொன்னார். முத்துக்காளை சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கினார்.

"ஆறு மணி இல்லண்ணே, ஆறே கால்," என்றார்.

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மூணு வருசமா ஆறு மணின்னுதானே சொன்னீக!"

"நீ எத்தனை மணிக்குக் கிளம்புவீகன்னு கேட்டே. அதுக்கு ஆறுன்னேன். வண்டியை மேட்டுல விட்டுட்டுப் பாலத்துக்கு எறங்கி நடக்க வேண்டாமா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "மாத்திருங்கண்ணே. தப்பா இருந்தா அந்த சார் மறுபடியும் கேப்பாக."

அந்தக் கால் மணி நேரத்தால் படத்தில் ஒரு மயிரிழைகூட நகரவில்லை. நகராது என்று தெரிந்தும் ஆயிரத்துச் சொச்சம் புள்ளிகளையும் ஆறே காலில் வைத்து, முதலிலிருந்து எல்லாப் படத்தையும் ஓட்டிக் கொடுத்தேன். பென்டிரைவை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு டீச்சர் வண்டியில் பின்னால் ஏறினார். திருப்பம் வரைக்கும் பார்த்தேன், இரண்டு பேரும் ஏதோ சண்டை போட்டுக்கொண்டே போனார்கள், பேச்சு வந்துவிட்டது.

படத்தில் தப்பு தெரிந்தால் முதலில் கணினியைத் திட்டி, அடுத்து மனுஷனைச் சந்தேகப்பட்டு, ஊர் உலகமெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் 'மணி என்ன?' என்று கேட்போம் நாங்கள். முறத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு மீதிக் கீரையை உருவத் தொடங்கினேன்.